76 டாலர்!



76 டாலர். இந்த ஒரு தொகையை மட்டும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில், கிழக்கு எல்லையை ஒட்டிய மலைகளுக்கு நடுவே மார்ட்டின் கவுண்டி என்றொரு நாட்டுப்புறப் பகுதி உண்டு. அங்கே 80,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் அடியில் கிடந்த நிலக்கரிக்கு ஒரே கம்பெனி உரிமை பாராட்டி வந்தது. 1970களின் இறுதியில் அந்தக் கனிமச் சொத்துக்காக அந்தக் கம்பெனி ஓராண்டுக்குக் கட்டிய வரிதான் 76 டாலர். எழுநூறு அல்ல, ஏழாயிரம் அல்ல, எழுபத்தாறு! ஐயோ பாவம், நொடித்துப்போன கம்பெனியோ என்று இரக்கப்பட்டுவிடாதீர்கள். பெரியதோர் இரயில்வே நிறுவனத்தின் கிளைக் கம்பெனி அது. அந்த நிலக்கரிக்கு அரசாங்கமே போட்டிருந்த மதிப்பு 76 இலட்சம் டாலர்.

இதை உலகுக்குச் சொன்னவர்கள் ஒற்றர்கள் அல்லர். பூட்டை உடைத்தவர்களும் அல்லர். எவர் போய்க் கேட்டாலும் காட்டப்பட வேண்டிய பொதுப் பதிவேட்டில் அது இருந்தது. ஆண்டுதோறும் எழுதினார்கள், ஆண்டுதோறும் அடுக்கி வைத்தார்கள். அதே ஊரில், அதே மலையடிவாரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லை, பாலத்துக்குப் பணமில்லை என்று மக்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். புலம்பியவர்க்கும் பதிவேட்டுக்கும் இடையே இருந்த தூரம் நாலு தெருதான். அந்த நாலு தெருவைக் கடக்க அவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று!

வரிப் பேரேட்டைப் பற்றி ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அரசியல் கட்டுரையா என்று நம் தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மேடையும் மாநாடும் ஊர்வலமுமே அரசியல் என்று பழகிய கண்ணுக்குப் பேரேடு அரசியலாகத் தெரியாதுதான். ஆயினும் பொறுத்திருந்து படியுங்கள். இந்தக் கதையில் ஊர்வலமும் உண்டு, சிறையும் உண்டு, தீர்ப்பும் உண்டு. எல்லாம் அந்தப் பேரேட்டிலிருந்துதான் புறப்பட்டன.

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் வட்டத்தைப் போன்றது. கெண்டக்கியில் 120 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமையூர், அந்த ஊரின் நடுவே ஒரு கச்சேரி. வழக்கு மன்றம், பத்திரப் பதிவு, வரி அலுவல் எல்லாம் அங்கேதான். சொத்து வரி பற்றிய காரியம் மூன்று அதிகாரிகளிடம் பிரிந்து கிடக்கிறது. நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போடுகிறவர் சொத்து மதிப்பீட்டு அதிகாரி. கிரயப் பத்திரத்தையும் அடமானப் பத்திரத்தையும் பதிந்து காக்கிறவர் கவுண்டி கிளார்க். வரியை வசூலிக்கிறவர் யார் தெரியுமா? ஷெரீப்! ஆமாம், அமெரிக்கப் படங்களில் இடுப்பில் துப்பாக்கியோடு வருகிறாரே, அவரேதான். மூவரும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள்.

ஆக, ஒரு துண்டு நிலத்தின் கதை மூன்று அறைகளில் சிதறிக் கிடக்கிறது. மதிப்பீட்டு அதிகாரியின் அறையில் வரைபட எண்ணும் ஏக்கர் கணக்கும் மதிப்பும் கிடைக்கும். ஷெரீபின் அறையில் வரி கட்டினாரா, நிலுவை வைத்தாரா என்பது கிடைக்கும். அந்த நிலம் எப்படி அவர் கைக்கு வந்தது என்பதற்கோ கிளார்க்கின் அறைக்குத்தான் போகவேண்டும். அங்கே இரண்டு பெயர் வரிசைகள் இருக்கும். விற்றவர் பெயர் ஒரு வரிசை, வாங்கியவர் பெயர் மற்றொரு வரிசை. இன்றைய உடைமையாளரின் பெயரை வாங்கியவர் வரிசையில் தேடிப் பத்திரத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் விற்றவர் எவரோ, அவர் பெயரை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாங்கியவர் வரிசைக்கு வரவேண்டும். இப்படிப் படிப்படியாகப் பின்னே நடந்தால் நூறு ஆண்டுகளையும் தாண்டி, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவன் போட்ட கீறல் அடையாளத்தில் போய் நிற்கலாம்.

ஒரே அறைக்குப் போய் ஒரே ஏட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் மூன்றில் ஒரு பங்கு உண்மையோடு திரும்புகிறான். சில நேரங்களில் அது பொய்யைவிடக் கேடானது.

அந்தக் கீறல் அடையாளத்துக்கே போவோம். கதை அங்கேதான் தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இரயில் வருமுன்னே, அந்த மலைகளுக்குள் கம்பெனிகளின் ஆட்கள் வந்தார்கள். அவர்களுள் பெயர் பெற்றவர் ஜான் மேயோ. பள்ளி ஆசிரியராக இருந்து நிலக்கரியால் பெருஞ்செல்வரானவர். அவர்கள் நிலத்தைக் கேட்கவில்லை. "நிலம் உமக்கே, வீடு உமக்கே, உழும், விதையும், அறுவடை செய்யும். அடியில் கிடக்கிறதே, உமக்கு எந்நாளும் பயன்படாத பொருள், அதை மட்டும் தந்துவிடும்" என்பதே பேச்சின் சாரம். ஏக்கருக்கு 50 சென்ட் என்ற விலைக்கும் கனிம உரிமை கைமாறியது. அச்சடித்து வந்த அந்தப் பத்திரத்துக்குப் 'பிராட் பார்ம்' பத்திரம் என்று பெயர். கனிமத்தை எடுப்பதற்கு எது தேவையோ, எது வசதியோ, அதையெல்லாம் மேல்நிலத்தின் மீது செய்துகொள்ளலாம் என்று அதில் கண்டிருந்தது. மண்வெட்டியையும் கூந்தாலியையும் மனத்தில் வைத்து அந்த உழவன் கையெழுத்திட்டான். அரை நூற்றாண்டு கழித்து வந்ததோ புல்டோசர்! மலையின் தலையைச் சீவி, மண்ணையும் மரத்தையும் கீழே தள்ளி, கரியை வாரிக்கொண்டு போகும் முறை வந்தது. பத்திரம் அதற்கும் இடம் தருகிறது என்று 1956இல் கெண்டக்கியின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்நிலத்துக்காரனுக்கு இழப்பீடு கிடையாது என்றும் சொல்லிவிட்டது.

1965இல் நாட் கவுண்டியில் ஓலி கூம்ஸ் என்ற விதவை மூதாட்டி, தம் வீட்டுக்கு மேலே வந்த புல்டோசரின் முன்னால் மறித்துக் கிடந்தார். காவலர் வந்து அவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் புகைப்படம் நாடெங்கும் வெளிவந்தது. அமெரிக்கர் குடும்பத்தோடு கூடி விருந்துண்ணும் நன்றித் திருநாளை அந்த அம்மையார் சிறையில் கழித்தார்.

இந்த இடத்தில் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. அந்த மலையில் மேல்நிலத்துக்கு வரி கட்டியவர்கள் அப்படிப்பட்ட மூதாட்டிகள். கீழேயிருந்த கரிக்கு உடையவரோ வேறொருவர். இருவர் பெயரும் ஏட்டில் இருந்தன. ஒரே நிலத்துக்கு மேலே ஒரு சொத்து, கீழே ஒரு சொத்து. ஊரில் பாதிப் பேருக்கு அந்த இரண்டாவது சொத்துக்குத் தனி மதிப்பும் தனி வரியும் உண்டு என்பதே தெரியாது. தெரியாதவர் எப்படித் தேடுவார்?

சரி, ஏட்டைப் படிப்பது எப்படி? நம் ஊர்ப் பட்டாவையும் சிட்டாவையும் பார்த்துப் பழகிய தோழருக்கு இது கடினமன்று. பார்க்க வேண்டியவை சில. முதலாவது மதிப்பு. கெண்டக்கி அரசியல் சட்டத்தின் 172ஆம் பிரிவு, சொத்து எதுவாயினும் நியாயமான ரொக்க மதிப்புக்கே மதிக்கப்பட வேண்டும் என்கிறது. கட்டாயமின்றி விற்பவனும் கட்டாயமின்றி வாங்குபவனும் ஒத்துக்கொள்ளும் விலை என்று பொருள். சட்டப் புத்தகத்தில் அப்படி. நடைமுறையில் என்ன? 1965 வரை மதிப்பீடு சராசரியாக உண்மை விலையில் கால் பங்கைச் சற்றே தாண்டி நின்றது. சட்டத்தில் எழுதியபடியே முழு மதிப்பையும் போடுங்கள் என்று அந்த ஆண்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. குறைத்து மதித்தால் எல்லோருக்கும் இலாபந்தானே என்று எண்ண வேண்டாம். அதிகாரி தம் விருப்பப்படி குறைக்கலாம் என்றாகிவிட்டால், யாருக்கு எவ்வளவு குறைத்தார் என்பதில்தான் சூது புகுந்துகொள்கிறது.

இரண்டாவது வீதம். 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று வீதம் போடுவார்கள். மாநிலத்துக்கு ஒரு வீதம், கவுண்டிக்கு ஒரு வீதம், பள்ளி வாரியத்துக்கு ஒரு வீதம் என்று தனித்தனியே இருக்கும். வரிச்சீட்டில் கூட்டுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவது எல்லா நாட்டுக் குடிமக்களுக்கும் உள்ள பழக்கம். ஒவ்வொரு வீதத்தையும் தனித்தனியே பார்த்தால் கதை வேறாகத் தெரியும்.

1970களில் கெண்டக்கி மாநில அரசு நிலத்துக்கும் வீட்டுக்கும் வாங்கிய வரி 100 டாலருக்கு 31.5 சென்ட். வெட்டியெடுக்காத நிலக்கரிக்கோ, அந்த 1970களில் சட்டமன்றம் புதிதாக ஒரு வீதம் வைத்தது. 100 டாலருக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு! கணக்குப் போடுங்கள். ஒரு தொழிலாளியின் வீடு 10,000 டாலர் மதிப்பு என்றால் மாநிலத்துக்கு அவன் கட்ட வேண்டியது 31 டாலர் 50 சென்ட். கம்பெனியின் 10,000 டாலர் நிலக்கரிக்குக் கட்ட வேண்டியது 10 சென்ட். 315 மடங்கு வேறுபாடு! இன்னும் முடியவில்லை. தொழிலாளி அதற்குமேல் கவுண்டி வரியும் பள்ளி வரியும் கட்ட வேண்டும். வெட்டியெடுக்காத கரிக்கோ உள்ளூர் மன்றங்கள் வரி போடவே கூடாது என்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன தொகைக்கு வாருங்கள். 76 இலட்சத்தை 100ஆல் வகுத்தால் 76,000. ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு சென்ட் என்றால் 7,600 சென்ட். அதாவது 76 டாலர். பார்த்தீர்களா? கம்பெனி ஒரு சென்ட்கூட ஏய்க்கவில்லை! சட்டம் கேட்டதைச் சட்டப்படி கட்டிவிட்டு இரசீது வாங்கி வைத்துக்கொண்டது. வரி ஏய்ப்பு என்றால் அதிகாரியிடம் முறையிடலாம். சட்டமே இப்படி என்றால் எவரிடம் முறையிடுவது? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, முதலில் சட்டம் இன்னதென்று தெரிய வேண்டும். அது தெரிய, 76 என்ற எண்ணை யாரேனும் ஒருவர் ஏட்டிலிருந்து எடுத்து வெளியே போட வேண்டும்.

எடுத்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

தொடக்கம் பக்கத்து மாநிலமான டென்னசியில். 1970, 1971 ஆண்டுகளில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர் சிலர், நிலக்கரி எடுக்கும் ஐந்து கவுண்டிகளின் கச்சேரிகளுக்குள் நுழைந்து பேரேடுகளைப் புரட்டினார்கள். ஒன்பது நிறுவனங்கள் அந்த ஐந்து கவுண்டிகளின் மேல்நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையும் கனிம வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையும் வைத்திருந்தன. சொத்து வரியில் அவை கட்டியதோ 4 விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சத்தை யார் கட்டினார்கள்? வேறு யார்! குடிசைக்காரரும் கொல்லைக்காரருந்தான்.

அந்த மாணவர்களுள் ஒருவர் ஜான் காவென்டா. கிளியர் போர்க் என்ற பள்ளத்தாக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே பல்லாயிரம் ஏக்கர் ஒரே கம்பெனியிடம் இருந்தது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் எங்கே? நியூயார்க்கில் அல்ல, இலண்டனில்! அதைக் கட்டியாண்ட சர் டெனிஸ் லோசன் 1950-51இல் இலண்டன் மாநகரத் தலைவராக இருந்த சீமான். வெள்ளைக்காரன் கம்பெனி வைத்து வெளிநாட்டு மண்ணைச் சுரண்டியதை நாம் அறிவோம். விடுதலை பெற்று இருநூறு ஆண்டுகளை எட்டிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்குள்ளேயே, வெள்ளைக்காரக் குடியானவன் தலைமீதே அந்தக் கம்பெனி உட்கார்ந்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

காவென்டா கேட்ட கேள்வி நம் தோழர்கள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது. இத்தனை அநீதி இருந்தும் மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை? எழவில்லை என்பதால் மனநிறைவோடு இருந்தார்கள் என்று படித்தவர்கள் சிலர் எழுதி வந்தார்கள். அது தவறு என்று காவென்டா 1980இல் ஒரு நூலில் விரிவாகக் காட்டினார். எதிர்த்த ஒவ்வொரு முறையும் தோற்றவன், நாளடைவில் எதிர்க்கலாம் என்ற எண்ணத்தையே மறந்துவிடுகிறான். கேட்டால் கிடைக்காது என்று பட்டறிந்தவன் கேட்பதை நிறுத்துகிறான். அவன் மகன் கேட்கலாம் என்பதையே அறியாமல் வளர்கிறான். கச்சேரிப் படிக்கட்டு எல்லோருக்கும் பொதுவானதுதான். அதில் ஏறலாம் என்ற நினைப்பு மட்டும் சிலரிடம் இருந்தது, பலரிடம் இல்லை.

டென்னசி மக்கள் ஏறினார்கள். 1972இல் கம்பர்லாந்து மலைகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கி, மாணவர்கள் எடுத்த கணக்கைக் கையில் ஏந்திக்கொண்டு மாநில வரி வாரியத்தின் முன் நின்றார்கள். நிலக்கரிக்கும் மதிப்புப் போட வேண்டும் என்ற முடிவைப் பெற்றார்கள்.

பிறகு வெள்ளம் வந்தது. 1977 ஏப்ரலில், கெண்டக்கிக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் எல்லையாக ஓடும் டக் போர்க் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். தற்காலிக வீடுகள் தர அரசாங்கம் முன்வந்தது. அவற்றை வைக்க மேட்டு நிலம் வேண்டுமே! மேடெல்லாம் கம்பெனிகளுடையவை. கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் காடும் வெட்டவெளியுமாய்க் கிடக்க, வீடிழந்தவர்க்கு ஓரிடம் இல்லை. அன்றுதான் பலருக்குக் கேட்கத் தோன்றியது: இந்த மண் யாருடையது?

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1979இல் ஒரு பெரும் கணக்கெடுப்பு தொடங்கியது. ஆறு மாநிலங்கள், 80 கவுண்டிகள். சமூக ஊழியரும் ஆய்வாளரும் உள்ளூர்க் குடிமக்களும் கச்சேரி கச்சேரியாகப் போய், பேரேடு பேரேடாகப் புரட்டி, கையாலேயே படியெடுத்தார்கள். டென்னசியிலுள்ள ஹைலாண்டர் ஆராய்ச்சி, கல்வி மையம் வேலையை ஒருங்கிணைத்தது. ஏறத்தாழ இரண்டு கோடி ஏக்கர் நிலமும் கனிம உரிமையும் ஏட்டில் அடங்கின. 1981இல் முடிவு வெளிவந்தது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு தந்திரம். உடைமையாளர் உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பெனியைக் கேட்டால் சொல்லுமா? பேரேட்டில் வரிச்சீட்டை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் பொருட்படுத்தாத கட்டம். அதைப் பார்த்தால் போதும். நிலம் இங்கே, சீட்டுப் போவது பிலடெல்பியாவுக்கு. நிலம் இங்கே, சீட்டுப் போவது நியூயார்க்குக்கு. எத்தனை மறைத்தாலும் வரிச்சீட்டு வந்துசேர வேண்டுமே, அந்த முகவரியை மறைக்க முடியாதல்லவா!

ஆய்வில் அடங்கிய மேல்நிலத்தில் 72 விழுக்காடு அந்தந்தக் கவுண்டிக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சொந்தம் என்று தெரியவந்தது. உள்ளூர்ச் சிறு உடைமையாளர்களைச் சேர்க்காமல் எடுத்த கணக்கு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் இந்த எண்ணைச் சொல்லும் தோழர் அதையும் சேர்த்தே சொல்லட்டும். கனிம உடைமையாளரில் நான்கில் மூன்று பங்கினர் ஏக்கருக்கு 25 சென்டுக்கும் குறைவாக வரி கட்டினார்கள். கிழக்குக் கெண்டக்கியின் முதன்மையான 12 நிலக்கரிக் கவுண்டிகளைச் சேர்த்துப் பார்த்தாலும், வெட்டாத கனிமங்களுக்கு வந்த சொத்து வரி மொத்தம் ஏறத்தாழ 1,500 டாலர். பன்னிரண்டு கவுண்டிகளுக்கும் சேர்த்து!

கம்பெனிகள் வாயடைத்து நிற்கவில்லை. அவர்களிடமும் வழக்கறிஞர்கள் உண்டே. 'நாங்கள் வெட்டியெடுக்கும் கரிக்கு 1972 முதல் தனி வரி கட்டுகிறோம், இப்போது அது விலையில் 4.5 விழுக்காடு. மண்ணுக்குள் கிடப்பதற்கும் வரி கேட்டால் ஒரே பொருளுக்கு இரட்டை வரியாகாதா?' என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆனால் அந்த வரியின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது மாநிலக் கருவூலத்துக்கு. மலையடிவாரத்துப் பள்ளிக்கு அல்ல. மேலும், தொழிலாளி தன் வீட்டை விற்கிறபோது மட்டுமா வரி கட்டுகிறான்? விற்காமல் வைத்துக் குடியிருக்கும் ஒவ்வொரு ஆண்டுமல்லவா கட்டுகிறான்! கரியை விலையேற்றத்துக்குக் காத்து மண்ணுக்குள் பூட்டி வைப்பவனுக்கு மட்டும் எதற்கு விலக்கு?

1981 ஆகஸ்டில் கெண்டக்கியின் ஹேசார்டு நகரில் முப்பது பேருக்கும் குறைவானவர்கள் கூடினார்கள். நியாய வரிக் கூட்டமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். படை இல்லை, பணம் இல்லை, பத்திரிகை இல்லை. கையில் இருந்தது அந்தப் பேரேட்டுக் கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு கவுண்டி கவுண்டியாகப் போனார்கள். சட்டமன்றக் கதவைத் தட்டினார்கள், அது எளிதில் திறக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசியல் சட்டத்தின் 172ஆம் பிரிவு சொத்து எதையும் நியாய மதிப்புக்கு மதிக்கச் சொல்லும்போது, கரிக்கு மட்டும் பெயரளவுக்கு வரி வைப்பது விலக்கு அளிப்பதற்கு ஒப்பாகாதா என்பது வழக்கு. 1988இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வீதச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், பழைய பத்திரத்தைக் காட்டி மேல்நிலத்தைச் சீவக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தார்கள். ஓலி கூம்ஸ் புல்டோசரை மறித்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பள்ளிகளின் கதையும் இதனோடு பிணைந்தது. உள்ளூர்ச் சொத்து வரியை நம்பிப் பள்ளி நடக்கும் நாட்டில், சொத்து மதிப்பு குறைந்த கவுண்டிப் பிள்ளைக்குக் குறைந்த கல்விதான். 1985இல் வழக்குத் தொடுத்த 66 ஏழைப் பள்ளி மாவட்டங்களின் முறையீட்டை ஏற்று, மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாதது என்று 1989இல் அதே நீதிமன்றம் சொன்னது. 1990இல் புதிய கல்விச் சட்டம் வந்தது.

வென்றார்கள் என்று முழக்கமிட்டு முடித்துவிடலாம். முடித்தால் அது நேர்மையாகாது. கரிக்கு முழு வரி வந்தபிறகும் ஒரு சிக்கல் நின்றது. மண்ணுக்கடியில் எத்தனை டன் கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? துளையிட்டுப் பார்த்த கம்பெனிக்குத் தெரியும். கனிம வரிக்கான விவரத்தை உடைமையாளர்தான் மாநில வருவாய்த் துறைக்கு எழுதித் தருகிறார். வீட்டுக்கு மதிப்புப் போட அதிகாரி தெருவில் நின்று பார்த்தால் போதும். மலைக்குள் எப்படிப் பார்ப்பது? பிறகு நிலக்கரித் தொழிலே சரிந்தது. கிழக்குக் கெண்டக்கியில் 2010க்குப் பிறகு உற்பத்தி மளமளவென்று வீழ்ந்து, வரி போடுவதற்கிருந்த கரியின் மதிப்பும் உடன் வீழ்ந்தது. நியாயமான வீதம் கிடைத்த நேரத்துக்குப் பொருள் கைநழுவத் தொடங்கிவிட்டது. நூறு ஆண்டுக் காலம் வாராமற்போன வரியை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஏடுகளின் கோலமும் மாறிவிட்டது. இன்று பல கவுண்டிகளில் மதிப்பீட்டுப் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு துண்டைத் தொட்டால் உடைமையாளர் பெயர் வந்து நிற்கும். சில கவுண்டிகளில் அதற்குச் சந்தா கேட்கிறார்கள். பொதுமக்கள் பணத்தில் எழுதிய ஏட்டைப் பொதுமக்களே பார்க்கச் சந்தா! நேரில் கச்சேரிக்குப் போனால் பார்க்கும் உரிமை இன்னும் உண்டு. ஏட்டில் தெரியும் பெயர்தான் இப்போது தொல்லை. ஆளின் பெயருக்குப் பதில் எண்ணும் எழுத்துமாக ஒரு கம்பெனிப் பெயர் இருக்கும். அதன் பின்னே இன்னொன்று, அதன் பின்னே மற்றொன்று. அந்த நேரத்தில் பழைய தந்திரத்தை மறவாதீர்கள். நாலு வெவ்வேறு பெயர்களில் கிடக்கும் நாலு துண்டுகளுக்கும் வரிச்சீட்டு ஒரே முகவரிக்குப் போகிறதா என்று பாருங்கள்.

நிலுவைப் பட்டியலையும் விடக்கூடாது. வரி கட்டாதவர் பெயரைக் கவுண்டி கிளார்க் செய்தித்தாளில் விளம்பரம் செய்வது அங்கே வழக்கம். ஐம்பது டாலர் பாக்கி வைத்த கிழவியின் பெயரும், பெருந்தொகை பாக்கி வைத்த கம்பெனியின் பெயரும் ஒரே அகர வரிசையில் அடுத்தடுத்து வரும். ஊரார் முன்னதைப் படித்து நாணுவார்கள். பின்னதைப் படிப்பதில்லை.

ஒரு குடிமகன் தன் வீட்டுக்குப் போட்ட மதிப்பு கூடுதல் என்றோ, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்குப் போட்ட மதிப்பு குறைவு என்றோ ஐயப்பட்டால் என்ன செய்வது? கெண்டக்கிச் சட்டத்தில் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். மதிப்பெல்லாம் சனவரி முதல் நாளின் நிலவரப்படி. அந்தப் பேரேடு மே மாதத்து முதல் திங்கட்கிழமை திறந்து வைக்கப்படும். சனிக்கிழமையும் உண்டு, ஞாயிறு மட்டும் விடுமுறை. திறந்திருப்பது 13 நாள்கள். தன் மதிப்பை எதிர்ப்பவர் முதலில் மதிப்பீட்டு அதிகாரியைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே தீராவிட்டால் கவுண்டி கிளார்க்கிடம் மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுக்க வேண்டும். பேரேடு மூடப்பட்ட மறு வேலைநாளோடு அந்த மனுவுக்கும் காலம் முடிந்துவிடுகிறது.